பிறந்தநாளுக்கு ஒரு சாக்கு பனங்கொட்டை

போன மாதம் நம் வட்டாரக் கூட்டம் முடிந்து எல்லோரும் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார். "சார், எம்பொண்ணுக்கு வர்ற ஆவணியில நாலு வயசு முடியுது. போன தடவை பேட்டரி கார் வாங்கிக் குடுத்தேன். ரெண்டே மாசம், சக்கரம் ஒரு பக்கம் கெடக்கு, பேட்டரி ஒரு பக்கம் கெடக்கு. இந்தத் தடவை உருப்படியா, நின்னு நெலைக்கிற மாதிரி ஏதாச்சும் செய்யணும். நீங்க பேங்க்ல இருந்தவரு. எதுல போடலாம்னு சொல்லுங்க" என்றார்.

ரிட்டையர் ஆகி நிலத்துக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் ஊரில் எனக்கு 'மேனேஜர் சார்' என்றுதான் பெயர். பஞ்சகவ்யா பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை, வட்டி பற்றித்தான் கேட்கிறார்கள். அன்றைக்கு அந்தத் தம்பிக்கு நின்ற நிலையில் ஏதோ சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, சொன்னது பாதிதான் என்று பட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். நம்மில் பல பேருக்கு வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முதலில் பேங்க் கதையை முடித்துவிடுவோம்.

பிள்ளை பேரில் 10,000 ரூபாய் டெபாசிட் போடுகிறீர்கள், வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 வருஷத்தில் அது ஏறக்குறைய 34,000 ஆகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால், இன்றைக்கு 10,000 ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் அன்றைக்கு 28,500 ரூபாய். ஆக, 18 வருஷம் காத்திருந்ததற்குக் கூலி சொற்பம். பணம் கரையாமல் நின்றது, அவ்வளவுதான். அதுவும் வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண் பிள்ளையாக இருந்தால் 2015-இல் வந்த செல்வமகள் சேமிப்புத் திட்டம் சாதாரண டெபாசிட்டை விட மேல். 10 வயதுக்குள் கணக்குத் திறக்க வேண்டும். வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 15 வருஷம் கட்டினால் போதும், கணக்குத் திறந்த நாளிலிருந்து 21 வருஷத்தில் முதிர்வு. பெண்ணுக்கு 18 வயதானதும் படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். ஒன்று கவனிக்க வேண்டும்: தாத்தா பாட்டி ஆசைப்பட்டுத் திறக்க முடியாது. அப்பா அம்மா அல்லது சட்டப்படியான காப்பாளர்தான் திறக்க வேண்டும். தாத்தா பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்.

தங்கக் காசு, தோடு, கொலுசு பற்றி நான் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை. வாங்கும்போது செய்கூலி, சேதாரம். விற்கப் போனால் அந்த இரண்டும் கணக்கில் வராது. வளர்கிற பிள்ளைக்கு இந்த வருஷக் கொலுசு அடுத்த வருஷம் சேராது.

அடுத்ததாகச் சொல்லப்போவதைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன். நான் கிளை மேலாளராக இருந்த காலத்தில், மார்ச் மாதம் வந்தால் இன்சூரன்ஸ் பாலிசி டார்கெட் தலைக்கு மேல் நிற்கும். பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று இனிப்போடு கிளைக்கு வருகிற வாடிக்கையாளரைப் பார்த்தால் எங்களுக்குக் கண் பளிச்சிடும். "குழந்தையோட எதிர்காலத்துக்கு ஒரு பிளான் போட்டுடலாம் சார்" என்போம். எத்தனை பேருக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்! அதில் விவசாயிகள்தான் அதிகம் ஏமாந்தார்கள். முதல் வருஷம் கடலை விற்ற காசில் கட்டுவார்கள். இரண்டாம் வருஷம் கடன் வாங்கிக் கட்டுவார்கள். மூன்றாம் வருஷம் மழை பொய்க்கும், பாலிசி காலாவதி ஆகும். ஆரம்பத்தில் நிறுத்தினால் கட்டிய பணத்தில் கைக்கு வருவது கொஞ்சம்தான். பருவத்தை நம்பிச் சம்பாதிக்கிறவன், மாதச் சம்பளக்காரனுக்கென்று செய்த திட்டத்தில் பிள்ளையின் பரிசைக் கட்டி வைக்கக் கூடாது. இது இப்போது தெரிகிறது. அப்போதும் தெரியும், சொல்லவில்லை.

1990-களில் தேக்கு யூனிட் விற்றார்களே, நினைவிருக்கிறதா? உங்கள் பிள்ளை பேரில் இத்தனை தேக்கு நடுகிறோம், 20 வருஷத்தில் லட்சம் லட்சமாக வரும் என்று பத்திரிகையில் பக்கம் பக்கமாக விளம்பரம் வந்தது. எங்கள் வாடிக்கையாளர்களே பல பேர் டெபாசிட்டை உடைத்துக்கொண்டு போய் அதில் போட்டார்கள். பிறகு 1999-இல் செபி விதிமுறை கொண்டுவந்து கடிவாளம் போட்டது. அதற்குள் பல கம்பெனிகள் பூட்டிக்கொண்டு போய்விட்டன. பத்திரம் மட்டும் அழகான பச்சை நிறத்தில் பீரோவில் இருந்தது. அந்த மரத்தை அப்பனும் பார்த்ததில்லை, பிள்ளையும் பார்த்ததில்லை.

பேங்கில் நான் பார்த்த இன்னொரு காட்சிதான் மனசில் நிற்கிறது. தாத்தா ஒருவர் பேரன் பேரில் ஆசையாக ஒரு டெபாசிட் போட்டிருப்பார். அவர் காலமாகிவிடுவார். வீட்டில் யாருக்கும் தெரியாது. பேரன் வெளியூரில் படிப்பான், வேலைக்குப் போவான். 10 வருஷம் யாரும் தொடாத அந்தப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். உரியவர் வந்து கேட்டால் திரும்ப வாங்கலாம், வழி இருக்கிறது. ஆனால் இருப்பதே தெரியாதவன் எப்படி வந்து கேட்பான்? பணம் பத்திரமாகத்தான் இருக்கிறது. பரிசு மட்டும் போய்ச் சேரவில்லை.

அதனால்தான், பிள்ளைக்குக் கொடுப்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதில் பிள்ளையின் கை பட்டிருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன். நம்மைப் போன்றவர்களுக்கு இதற்கு மரத்தை விட நல்ல பொருள் இல்லை. 'மரம் நடுங்கள்' என்று நீங்களெல்லாம் ஆயிரம் தடவை கேட்டாகிவிட்டது. நானும் அப்படித்தான் ஒரு மரம் நட்டேன். அது செத்த கதையைக் கேளுங்கள்.

எங்கள் நிலம் புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கம், செம்மண். பலாவுக்குப் பெயர் போன மண். பேத்தி பிறந்தது 2018 ஆவணி. அவள் மூன்று மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது, நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தது. என் அப்பா வைத்த பலா இரண்டும் போயின. தென்னையில் முக்கால்வாசி போயிற்று. விடிந்து பார்த்தால் வானம் மொட்டையாக இருந்தது. வரப்பில் நின்ற 9 பனையில் ஒன்றுகூடச் சாயவில்லை. அதை அன்றைக்கு நான் கவனித்ததாகக்கூடச் சொல்ல முடியாது, அழுகையாக இருந்தது.

அடுத்த ஆவணியில் பேத்திக்கு முதல் பிறந்தநாள். விழுந்த பலாவுக்குப் பதில் பலாவே வைப்போம், அவள் பேரில் வைப்போம் என்று நர்சரியில் ஆள் உயரக் கன்று ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினேன். ஏன் ஆள் உயரம்? போட்டோவில் நன்றாகத் தெரியும் என்றுதான், வேறு காரணம் இல்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லோரும் நின்று படம் எடுத்தோம். மரமும் வளர்ந்தது. மூன்றாம் வருஷம் ஆடிக் காற்றில், புயல்கூட இல்லை, சும்மா ஆடிக் காற்று, அடியோடு சாய்ந்தது. தூக்கிப் பார்த்தால் பாக்கெட்டுக்குள் ஆணிவேர் எப்படிச் சுருண்டிருந்ததோ அப்படியே கயிற்றுப் பந்து மாதிரி இருக்கிறது. மூன்று வருஷமாக அந்த மரம் பூமியைப் பிடிக்கவே இல்லை. சின்னப் பையில் அதிக நாள் வைத்திருந்த பெரிய கன்று எதை வாங்கினாலும் இந்த ஆபத்து உண்டு. வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் முழங்கால் உயரத்துக்கு மேல் வாங்காதீர்கள். பையைக் கிழித்து அடிவேரைப் பாருங்கள்.

லீவுக்கு வந்த பேத்தி "தாத்தா, என் மரம் எங்க?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது நாலு வயசு. "மாடு தின்னுடுச்சு கண்ணு" என்று என் மனைவி சமாளித்தாள். எனக்கு ஒப்பவில்லை. சாயங்காலம் அந்த வேரைக் காட்டி, தாத்தா பெரிய கன்று வாங்கியது தப்பு என்று சொன்னேன். அவள் வேரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது தூங்குற பாம்பு மாதிரி இருக்கு" என்றாள். அழவில்லை. சின்னப் பிள்ளைகள் நாம் நினைப்பதை விடத் தெம்பானவர்கள்.

அதற்குப் பிறகுதான் கொஞ்சம் யோசித்துச் செய்ய ஆரம்பித்தேன். பேங்கில் பெரிய தொகை கொண்டுவருகிறவரிடம், எல்லாவற்றையும் ஒரே டெபாசிட்டில் போடாதீர்கள், பிரித்து ஒரு வருஷம், மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று போடுங்கள், அவ்வப்போது ஒன்று முதிர்ந்து கைக்கு வரும் என்று சொல்வோம். பிள்ளைக்கு மரம் வைப்பதும் அப்படித்தான். அஞ்சு வயசுப் பிள்ளைக்கு 'இது 15 வருஷம் கழித்துக் காய்க்கும்' என்றால் அதற்கு அர்த்தமே கிடையாது. அதற்கு அடுத்த வாரமே நெடுந்தூரம். நாலு மாதத்தில் ஒன்று, நாலு வருஷத்தில் ஒன்று, எட்டு வருஷத்தில் ஒன்று, பிறகுதான் 15, 20 வருஷத்துக்கு ஒன்று. முந்தினது கைக்கு வந்தால்தான் பிள்ளை அடுத்ததை நம்பிக் காத்திருக்கும்.

2023-இல் அவளுக்கு அஞ்சு முடிந்தபோது நான் தேர்ந்தெடுத்தவை பனை, சீத்தா, பலா. மூன்றையும் விதையாகவே, மரம் நிற்கப்போகிற இடத்திலேயே ஊன்றினோம்.

பனையில் இருக்கிற வசதியைப் பாருங்கள். நாலு மாதத்தில் தருவதும் அதுதான், கடைசியில் தருவதும் அதுதான். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் தானாக விழும். ஒரு பழத்தில் ஒன்றிலிருந்து மூன்று கொட்டை வரை இருக்கும். பிள்ளையின் இரண்டு கைக்கு அடக்கமான விதை. நெல்லையும் கத்தரி விதையையும் பிள்ளையிடம் கொடுத்தால் சிந்தும், பனங்கொட்டை சிந்தாது. பிள்ளைக்கும் தான் ஏதோ பெரிய வேலை செய்கிறோம் என்று தோன்றும். அன்று நாங்கள் 40 கொட்டை எடுத்தோம். அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும், இது முக்கியம். 30 கொட்டை கிழங்குக்கு. வீட்டுக்குப் பின்னால் மணல் கலந்த மண்ணை இரண்டு அடி உயரம் குவித்து, மேலே கொட்டையை நெருக்கமாக அடுக்கி, மூடி, அவ்வப்போது தண்ணீர் தெளித்தோம். மீதி 10 கொட்டை மரத்துக்கு. வரப்பில் 10 அடிக்கு ஒன்றாக, ஓர் அடி தோண்டி அடிமண்ணைக் கொத்திவிட்டு, அரை அடி ஆழத்தில் வைத்து மூடினோம். கிழங்குப் பாத்தியில் முளைத்ததைப் பிடுங்கி வரப்பில் நட்டுக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது ரொம்பவும் சிரமம், வேர் அறுந்துவிடும். மரம் வேண்டுமென்றால் கொட்டையை அங்கேயே போட வேண்டும்.

பனங்கொட்டை முளைப்பதே தனி மாதிரி. மற்ற விதைகள் மேலே தலை காட்டும். இது கீழே போகும். கொட்டையிலிருந்து கிளம்பும் முளை, உயிரைத் தூக்கிக்கொண்டு மண்ணுக்குள் இறங்கும். அங்கே வேர் விட்டு, கிழங்கு கட்டி, அதற்குப் பிறகுதான் ஒற்றை ஓலை மேலே வரும். பனைக்கும் தென்னை மாதிரி சல்லிவேர்தான், ஆணிவேர் கிடையாது. ஆனால் தொடங்கும்போதே ஒரு முழம் உள்ளே போய்த் தொடங்குகிறதே, புயலுக்கு நிற்பதில் அதற்கும் பங்கு இருக்கும் என்பது என் அபிப்பிராயம். பிள்ளைக்கு இதை முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும். மேலே ஒன்றும் தெரியாது, செத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. பேத்தி சென்னையிலிருந்து போனில் வாரா வாரம் கேட்பாள், "வந்துடுச்சா?" "வரல. கீழ போயிட்டிருக்கு." இந்த ஒரே பேச்சு மூணு மாதம் நடந்தது.

பொங்கலுக்கு வந்தாள். கிழங்குப் பாத்தியை அவளையே தோண்டச் சொன்னோம். 30-இல் 22 கிழங்கு. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தெருவில் நாலு வீட்டுக்கு அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சுகிற கொட்டையைப் பிளந்தால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இனிப்பாக இருக்கும், சில ஊரில் தவுண் என்பார்கள், சில ஊரில் பூரான். அதைப் பிளக்க எனக்கு இப்போது கை வராது. என் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. செல்போனை வைத்துவிட்டு எழுந்து வந்து, அரிவாளை வாங்கி, ஒரே போடாகப் பிளந்து மகளுக்குக் கொடுத்தான். 25 வருஷமாக அவன் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. கை மறக்கவில்லை.

வரப்பில் போட்ட 10-இல் ஏழு ஓலை விட்டிருக்கிறது. 15, 20 வருஷம் ஆகும் பாளை விட. அப்போதுதான் ஆணா பெண்ணா என்றும் தெரியும். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம்மூர்ச் சொல். எனக்கு 66 ஆகிறது, பார்த்துவிட்டுச் சாவேன் என்பதே கொஞ்சம் பேராசைதான். ஆனால் அவளுக்கு அது 20 வயசில் வரும், அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டு நிற்கக்கூடிய மரம். தண்ணீர் விட வேண்டாம், உரம் வேண்டாம். அதற்கு எதிரி இரண்டுதான். வரப்புச் செத்தைக்கு வைக்கிற தீ, ஜே.சி.பி.

சீத்தா நாலு வருஷக் கணக்குக்கு. அதன் பெருமை என்னவென்றால் ஆடு தொடாது. வானம் பார்த்த நிலத்திலும் வரும். விதையிலிருந்து வந்ததே மூன்று, நாலு வருஷத்தில் காய்க்கும். மரம் குட்டையாக நிற்கும், பிள்ளைக்குக் கை எட்டும். விதை ஓடு தடிப்பம், ஓர் இரவு ஊறப்போட்டு ஊன்றினால் நல்லது. முளைக்க ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: சீத்தா விதையை உடைக்கவோ அரைக்கவோ பிள்ளையை விடக் கூடாது. அந்தப் பொடி கண்ணில் பட்டால் கண்ணுக்கு ஆபத்து. கொய்யா வைத்தாலும் இதே காலம்தான், ஆனால் அதற்குத் தண்ணீரும் கவனிப்பும் வேண்டும். முருங்கையை ஏன் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். ஆறே மாதத்தில் காய்க்கிற செடி முருங்கை இருக்கிறதே என்று. வையுங்கள், ஆனால் அது பிள்ளைக்குப் பரிசு இல்லை, பிள்ளையின் அம்மாவுக்குப் பரிசு. பிள்ளை ஏறி விளையாடவும் ஆகாது, கிளை பொட்டென்று முறியும்.

பலாவுக்குத்தான் அதிகம் யோசித்தேன். ஒட்டுக்கன்று நாலைந்து வருஷத்தில் காய்க்கும், தாய்மரத்தின் சுவை அப்படியே வரும். விதை போட்டால் ஏழெட்டு வருஷம் ஆகும், சுவை எப்படியிருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. வியாபாரத்துக்கு வைக்கிறவர்கள் ஒட்டுதான் வைக்க வேண்டும். பிள்ளைக்கு வைப்பது வியாபாரம் இல்லையே. எங்களுக்கு வேர்தான் முக்கியம் என்று முடிவு செய்தேன். விதைப் பலாவும் கஜாவில் விழுந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. இருந்தாலும் கயிற்றுப் பந்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. பலாக்கொட்டையைக் காய வைத்து எடுத்து வைக்க முடியாது, காய்ந்தால் முளைப்பு போய்விடும். பழம் தின்ற இரண்டு மூன்று நாளில் ஊன்றிவிட வேண்டும். ஆடிக் கடைசியில் பக்கத்துத் தோட்டத்தில் நல்ல மரத்துப் பழம் வாங்கி, தண்ணீர் தேங்காத மேட்டில் ஒரே குழியில் மூன்று கொட்டை ஊன்றினேன். அவள் பிறந்தநாளுக்கு வந்தபோது மூன்றும் தலை காட்டியிருந்தன. எதை வைத்துக்கொள்வது என்று அவள்தான் சொன்னாள். நட்டநடுவில் நின்ற சோனியைக் காட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் விட்டோம், அதுதான் இன்றைக்கு அவள் உயரத்தைத் தாண்டி நிற்கிறது. சுற்றிலும் கருவேல முள் வேலி, அடியில் சருகு மூடாக்கு, பக்கத்தில் அடியில் துளையிட்டுத் திரி போட்ட மண்பானை ஒன்றைப் புதைத்து வாரம் ஒரு தடவை நிரப்புகிறேன். கோடையில் கரையான் வந்தது, வேப்பம் புண்ணாக்கு போட்டேன், கட்டுப்பட்டது. அவளுக்கு 12, 13 வயதாகும்போது தூரிலேயே பிஞ்சு தொங்கும், ஏணி வேண்டாம்.

அப்படியானால் பிறந்தநாள் அன்று கையில் எதைக் கொடுப்பது என்று கேட்பீர்கள், வெறுங்கையோடு போனால் பிள்ளை முகம் வாடிவிடும். நான் இரண்டு கொடுத்தேன். ஒன்று, எங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறையில் சொல்லி அவள் கைக்கு அடக்கமாக அடிக்கச் சொன்ன களைக்கொட்டு. கடையில் பிள்ளைகளுக்கென்று விற்கிற தகரச் சாமான் செம்மண்ணில் இரண்டு கொத்துக்கு மடங்கிவிடும். இது மடங்காது, கைப்பிடி மட்டும் சில வருஷத்துக்கு ஒருமுறை பெரிதாக மாற்றிப் போட்டுக்கொண்டால் கல்யாணம் ஆகிற வரைக்கும் வரும். இன்னொன்று ஒரு கெட்டி அட்டை நோட்டு. பேங்க் புத்தி போகாதே! பாஸ்புக் மாதிரி கட்டம் போட்டுக் கொடுத்தேன். தேதி, என்ன போட்டோம், எங்கே, என்ன வந்தது. முதல் பக்கம் என் கையெழுத்து. "பொங்கல், 22 கெழங்கு" என்று வரவு எழுதியது அவள். 'கி' தப்பாக இருக்கிறது, திருத்தவில்லை. முளைக்காதவையும் செத்தவையும் அதில் பற்றாக எழுதப்பட்டிருக்கின்றன. முதல் பலாவையும் எழுதினோம்.

நிலம் என்ன ஆகும் என்பது பெரிய கேள்வி, அதை இங்கே மூடி மறைத்து என்ன ஆகப் போகிறது? மகன் போன தடவை கேட்டான், "அப்பா, உங்களுக்கு அப்புறம் இதை யாரு பாக்கறது? அவ பேர்ல மரம் வச்சு ஆசையக் கூட்டிவிட்டு, நாளைக்கு விக்கிற மாதிரி வந்தா அவகிட்ட யாரு சொல்றது?" நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. 2021-இல் அரசு வேளாண்மைக்கென்று தனி பட்ஜெட் போட்டபோது, கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்தார்கள். நிலம் கை மாறினாலும் வரப்புப் பனை நிற்க அது கொஞ்சம் உதவும் என்று அவனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். இந்தத் தடவை பிறந்தநாளுக்கு, அவள் கேட்காமலேயே, வரப்பில் முளைக்காமல் போன மூன்று இடத்திலும் புதுக் கொட்டை போட்டவன் அவன்தான். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

கூட்டத்தில் கேட்ட தம்பிக்குச் சொந்த நிலம் கிடையாது, குத்தகைக்குத்தான் உழுகிறார். அவரைப் போன்றவர்களுக்கும் இது ஆகும். கிழங்குப் பாத்திக்குக் கொல்லையில் நாலடி இடம் போதும். மரத்துக்கு ஊர்க் குளக்கரை இருக்கிறது. ஊராட்சியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்கள், பெரும்பாலும் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் பிள்ளையிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: நட்டது நீ, மரம் ஊருக்கு. 'உன் மரம்' என்று சொல்லி வளர்த்துவிட்டு, ஒருநாள் வேறு யாரோ நுங்கு வெட்டுவதை அந்தப் பிள்ளை பார்க்கும்படி ஆகக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் பனையடியில் அவளே பொறுக்கி ஒரு சாக்கில் 30 கொட்டை எடுத்துக்கொண்டாள், முகமெல்லாம் பனம்பழச் சாறு. மேலே ஒன்றும் தெரியாது, தோண்டிப் பார்க்கக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலையில் போன் வந்தது. விடிந்ததும் போய் ஒன்றைத் தோண்டிப் பார்த்துவிட்டாளாம். பரவாயில்லை, அதே குழியில் வைத்து மூடச் சொல்லுங்கள் என்றேன்.